நம் உயிருக்கு விலை போடும் கணக்கை யார் படிப்பது?

வாணியம்பாடியில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பிளஸ் டூ மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, ஆக்சுவரியல் சயின்ஸ்னு ஒரு படிப்பு இருக்காமே, நாம படிக்கலாமா?" அவள் அப்பா டேனரியில் ட்ரம் ஓட்டுகிறார். கணக்கில் அவள் நூற்றுக்கு நூறு. "அதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைங்க படிப்பு, நீ பி.காம் எடு" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம்.

இந்தப் பதில்மேல்தான் என் கோபம்.

மனிதர் எந்த வயதில் சாவார், எப்போது நோயில் விழுவார், அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று கணிக்கும் படிப்பு இது. காப்பீட்டு பிரீமியம், பென்ஷன், கிராஜுவிட்டி எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. முழுத் தகுதி பெற்றவர்கள் நாடு முழுவதற்கும் சில நூறு பேர்தான். அதில் நம் தெருக்காரர் எத்தனை பேர்?

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை தோழர்களே. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். இப்படிச் செத்தவருக்கு என்ன விலை? 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் ஒரு சூத்திரம் வைத்தது: மாதக் கூலியில் பாதியை, வயதுக்கான எண்ணால் பெருக்கு. 30 வயதுக்கு அந்த எண் 207.98. 2020இல் கூலிக்கு உச்சவரம்பு ரூ.15,000. பதிவேட்டில் 15,000 என்று இருந்தால் குடும்பத்துக்கு ரூ.15,59,850. அதே ஆளுக்கு 8,000 என்று எழுதியிருந்தால் ரூ.8,31,920. பேனாவின் ஒரு கிறுக்கலில் ஏழு லட்சம் போய்விடுகிறது. பதிவேட்டில் பெயரே இல்லாத ஒப்பந்தக் கூலிக்கு? அவர் வேலை செய்தார் என்று நிரூபிக்கவே குடும்பம் அலைய வேண்டும்.

"இது கார்ப்பரேட் கணக்கு, நமக்கெதற்கு?" என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வரலாறு. அமெரிக்காவின் புருடென்ஷியல் நிறுவனம் 1881இல், அதே பிரீமியம் கட்டும் கறுப்பர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தந்தது. அந்த நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஹாஃப்மன் 1896இல் புத்தகமே எழுதி, கறுப்பர் அதிகம் சாவது அவர்கள் இனத்தின் இயல்பு என்றார். அடுத்த ஆண்டே அந்த எண்களைப் பிரித்து மேய்ந்தவர்களில் ஒருவர் கெல்லி மில்லர். அவர் கறுப்பினக் கணிதப் பேராசிரியர். சாவுக்குக் காரணம் ரத்தம் இல்லை, வாழ்நிலை என்று அவரால் வாதாட முடிந்தது. கணக்கு தெரிந்ததால் முடிந்தது.

இந்தப் படிப்பால் சாதி ஒழியாது. ஒருவர் ஆக்சுவரி ஆனால் டேனரிக் குழியில் விஷவாயு குறையாது. ஆனால் நம் சாவை எண்ணுகிற மேசையில் நாம் இல்லாதவரை, அந்த எண் நமக்கு எதிராகவே எழுதப்படும்.

பிளஸ் டூ முடித்தவர்கள் ஏசெட் நுழைவுத் தேர்வு எழுதலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. உண்டு, அங்கே இடஒதுக்கீடு நம்மைக் காக்கும். ஆனால் முழுத் தகுதிக்கான தொழில்முறைத் தேர்வுகளில் இடஒதுக்கீடு கிடையாது, ஒவ்வொரு தாளுக்கும் தனிக் கட்டணம். பல ஆண்டு உழைப்பு. கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் நிற்கப்போவது யார் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கட்டணத்தையும் பயிற்சியையும் தாட்கோ முழுதாக ஏற்க வேண்டும். இதைக் கோரிக்கையாக எழுப்புவோம்.

அந்தத் தங்கைக்கு என் பதில் இதுதான்: படி. உன் அப்பாவின் கூலிப் பதிவேட்டை முதல் பாடப்புத்தகமாக எடுத்துக்கொண்டு படி.

ஜெய்பீம்.