தடித்த கத்தியும் மொண்ணை வாதமும்

இந்தப் பதிவைப் படித்துவிட்டு எங்கள் குடியிருப்பில் நாலைந்து பேர் கொஞ்ச நாளைக்கு என்னோடு பேச மாட்டார்கள். பரவாயில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகணும்.

டேராடூனுக்கு மாற்றலாகி வருகிற தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டாவது வருஷத்தில் ஒரு புது வியாதி வரும். மலையேற்றம். அது நல்ல வியாதி, வரட்டும். கூடவே இன்னொன்று வருகிறது பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை. தடித்த கத்தி! நாக் டிப்பாவுக்கு (3,022 மீட்டர், மசூரிக்குப் பக்கம்தான்) ஒரு ராத்திரி கூடாரம் போடப் போகிற ஆள் இடுப்பில் 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு இரும்புப் பாளத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கேட்டால், "சார், 4 மி.மீ.க்குக் கீழே இருந்தா அது கத்தியே இல்லை, பொம்மை" என்கிறார். இதைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளையும் நம்ப வைத்துவிட்டார்கள்.

நான் படித்தது பி.காம். உலோகவியல் இல்லை. ஆனால் இதற்கு உலோகவியல் வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

சின்னக் கத்தி என்றால் என்ன? உறையில் போடுகிற, மடங்காத, சுமார் 10 செ.மீ. நீளமுள்ள கத்தி. அதன் வேலை என்ன? கயிறு அறுக்கணும். வெங்காயம், ஆப்பிள் நறுக்கணும். குச்சி சீவணும். அடுப்பு பற்றவைக்கச் சுள்ளியை மெல்லிய சுருளாக இழைக்கணும். எல்லாமே அறுக்கிற வேலை, வெட்டுகிற வேலை கிடையாது.

ஒரு பொருளுக்குள் கத்தி இறங்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. முதலில் வாய் அறுக்கிறது. பிறகு பின்னால் வருகிற உடம்பு அந்தப் பிளவை அகட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது. தக்காளி மாதிரி மெத்தென்ற பொருள் வளைந்து வழிவிடும். கேரட், பூசணி, கட்டை எல்லாம் வழிவிடாது. அங்கே உங்கள் கையின் பலம் அறுக்கப் போவதில்லை, அகட்டப் போகிறது. தடித்த கத்தியில் கேரட் நறுக்கிப் பாருங்கள். பாதி தூரம் அறுபடும், அப்புறம் "டக்"கென்று பிளந்துகொள்ளும்.

கணக்குக்கு வருவோம். மூன்று கத்திகள், மூன்றுக்கும் அகலம் 25 மி.மீ. முதல் கத்தி முதுகில் 2.5 மி.மீ., முதுகிலிருந்து வாய் வரை ஒரே சரிவு. இரண்டாவது அதே சரிவு, ஆனால் முதுகு 5 மி.மீ. மூன்றாவதும் 5 மி.மீ., ஆனால் பாதி அகலம் வரைக்கும்தான் சரிவு, மேல் பாதி கட்டையாக அப்படியே இருக்கும். "பலமான" கத்திகள் பலவும் இந்த மூன்றாவது ரகம்தான். இப்போது 10 மி.மீ. ஆழம் இறக்குங்கள். அந்த இடத்தில் முதல் கத்தியின் தடிமன் 1 மி.மீ. இரண்டாவது 2 மி.மீ. மூன்றாவது 4 மி.மீ! ஒரே பூசணித் துண்டு, ஒரே ஆழம், நாலு மடங்கு அகட்டணும். ஆப்பை வைத்து அறுக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

"உடைஞ்சு போயிட்டா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். தடிமன் இரண்டு மடங்கானால் பக்கவாட்டு விறைப்பு எட்டு மடங்காகும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் திசையில் என்று யாரும் கேட்பதில்லை. பையனுடைய எவர்சில்வர் ஸ்கேலை எடுங்கள். தட்டையாகப் பிடித்து வளைத்தால் வளையும். குத்துவாட்டில் நிறுத்தி அழுத்துங்கள், அசையுமா? கத்தியால் அறுக்கும்போது விசை போவது இந்தக் குத்துவாட்டில்தான். பக்கவாட்டு விறைப்பு தேவைப்படுவது நெம்பும்போது மட்டும். நெம்புவதற்குக் கடப்பாரை என்று ஒரு சாமானை நம் முன்னோர் கண்டுபிடித்து ரொம்ப நாளாச்சு.

இன்னொன்று. சின்னக் கத்தியில் பெரும்பாலும் முதலில் ஒடிவது நுனி. எவ்வளவு தடித்த கத்தியானாலும் நுனி என்று ஒன்று வேண்டுமானால் அதை மெலிசாகத்தான் தீட்டியாகணும். மிச்சத்துக்கு, எஃகைச் சூடாக்கிப் பதம் போட்ட விதம்தான் பேசும். பதம் கெட்டால் 5 மி.மீ.யும் பட்டென்று போகும்.

அடுத்த வாதம்: "முதுகில் கட்டையால அடிச்சு விறகு பிளக்கலாமே?" பிளக்கலாம். அந்த ஒரு வேலையில் தடித்த கத்தி நன்றாகவே இருக்கும், ஏனென்றால் அது ஆப்பு வேலை. ஆனால் எங்கே பிளக்கப் போகிறீர்கள்? சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் மரத்தில் கை வைப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டுக்கு 1927 சட்டம் இருக்கிறது. நாம் போவது கேஸ் அடுப்போடு. ஒரு நாளும் செய்யாத வேலைக்காகத் தினமும் செய்கிற வேலையைக் கெடுத்துக்கொள்வது என்ன நியாயம்? பத்தாயிரம் ரூபாய் நகைக்கடனுக்கு வீட்டுப் பத்திரத்தையும் சேர்த்துக் கேட்டால் என்னை என்ன சொல்வீர்கள்?

ஸ்வீடனில் மோரா என்று ஒரு ஊர். 1891லிருந்து அங்கே கத்தி செய்கிறார்கள். அவர்களுடைய கம்பேனியன் ரகத்து எவர்சில்வர் கத்தி 2.5 மி.மீ. "கனரக வேலைக்கு" என்று அவர்களே பெயர் வைத்த ரகம் எத்தனை தெரியுமா? 3.2 மி.மீ! தச்சரும் மீனவரும் பனிக்காட்டில் விறகெடுப்பவரும் இருக்கிற நாட்டுக்காரனுக்கு 3.2 கனரகம். சனி ஞாயிறு மலையேறும் நமக்கு அது பொம்மையாம்.

இது புதுச் சண்டையும் இல்லை. அமெரிக்காவில் நெஸ்மக் என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், 1884இல் வந்த 'வுட்கிராஃப்ட்' புத்தகத்திலேயே கடையில் விற்கிற வேட்டைக் கத்திகள் தடித்துக் கிடக்கின்றன என்று அலுத்துக்கொண்டார். அவர் கண்ட வழி, வெட்டுவதற்கு ஒரு சின்னக் கோடாலி, அறுப்பதற்கு ஒரு மெல்லிய கத்தி.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நெல்லறுக்கிற அரிவாளால் விறகு வெட்டுவார்களா நம் ஊரில்? பனையேறி பாளை சீவுகிற அரிவாளைத் தேங்காய் வெட்டக் கொடுப்பாரா? இங்கே டேராடூனிலேயே கூர்க்கா குடும்பங்களின் குக்ரியைப் பாருங்கள், முதுகு நல்ல தடிமன். அது ஓங்கி வெட்டுகிற ஆயுதம், அதற்குக் கனம் வேண்டும். நாலு அங்குலக் கத்தியை ஓங்கி என்ன வெட்டப் போகிறோம்?

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கிறீர்களா? போன குளிர்காலத்தில் எங்களோடு வந்த பத்தாம் வகுப்புப் பையன் சாம்பாருக்கு மஞ்சள் பூசணி நறுக்கினான். கையில் அப்பா வாங்கிக் கொடுத்த 5 மி.மீ. கத்தி. பாதியில் சிக்கிக்கொண்டது. பையன் உடம்பு எடையைப் போட்டு அழுத்தினான். பூசணி சட்டென்று பிளந்தது, கத்தி இடது கைவிரலில் இறங்கியது. மலையில் துணி கட்டி, மறுநாள் கீழே வந்து நாலு தையல். அந்த அப்பா சொன்னது, "பையனுக்குப் பழக்கம் பத்தலை." இல்லை சார். அழுத்தினால்தான் இறங்கும் என்கிற கத்தியைப் பழக்கமில்லாத பிள்ளையிடம் கொடுத்தது யார்? அழுத்தம் கூடக் கூடக் கையின் கட்டுப்பாடு குறையும். பிள்ளைக்குக் கொடுக்கிற கத்தி லேசாக வைத்தாலே இறங்கணும். "பாதுகாப்புக்காகத் தடிமன்" என்கிற பேச்சுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

தீட்டுகிற பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மோரா மாதிரி வாய்க்கு மேலே ஒரே ஒரு சரிவு வைத்த கத்தியில், சரிவு மொத்தம் 23 டிகிரி என்று வையுங்கள். 2.5 மி.மீ. கத்திக்கு ஒரு பக்கம் கல்லில் படுகிற பட்டை சுமார் 6 மி.மீ. அதுவே 5 மி.மீ. கத்திக்கு 12. வேலை இரட்டிப்பு. அதனால்தான் தடித்த கத்திக்காரர்கள் பலர் தீட்டுவதே இல்லை. மொண்ணையாகிவிட்டது என்று அதைவிடத் தடித்ததாக இன்னொன்று வாங்குகிறார்கள் :-)

வாங்கப் போகிறவர்களுக்கு மூன்றே விஷயம்:

1. 10 செ.மீ. கத்திக்கு முதுகு 2.5லிருந்து 3 மி.மீ. தாராளம்.

2. முதுகை மட்டும் பார்க்காதீர்கள். வாய்க்குச் சற்று மேலே எவ்வளவு தடிமன், சரிவு எவ்வளவு உயரம் போகிறது என்று பாருங்கள். 3 மி.மீ. கத்தியையும் மோசமாகத் தீட்டி ஆப்பாக்கலாம்.

3. மலைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு கேரட்டை நறுக்குங்கள். அறுபடுகிறதா, பிளக்கிறதா? விடை அதிலேயே வந்துவிடும்.

தடித்த கத்தி வைத்திருக்கும் அன்பர்கள் பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டலாம். ஆனால் கேரட் நறுக்கிவிட்டு வந்து திட்டுங்கள்.

பி.கு: விடுமுறைக்கு ஊருக்கு விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டியில் போடுங்கள். ஆயுத விதிகளில் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்றெல்லாம் கணக்கு இருக்கிறது. தடிமனைப் பற்றிப் பேச்சே இல்லை. அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது போல, தடிமனால் யாரையும் அறுக்க முடியாது என்று.