கப்பல் தெரியும், படகு தெரியுமா?

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கும். அங்கே புயலைப் போலவே கப்பலும் பயம்தான். 2018 ஆகஸ்ட் 7 அதிகாலை, கேரளத்தின் முனம்பம் அருகே ‘ஓஷியானிக்’ படகில் கப்பல் மோதியதில் குமரி மாவட்ட மீனவர்கள் உயிரிழந்தார்கள்.

பெரிய கப்பல்கள் தம் பெயர், இடம், வேகம், திசையை வி.எச்.எஃப். அலையில் சொல்லிக்கொண்டே போகும். அதைப் பிடித்துத் திரையில் காட்டுவது ஏ.ஐ.எஸ். ரிசீவர். இதற்கு இன்டர்நெட் வேண்டாம். மொபைல் ஆப்புக்கு வேண்டும். நடுக்கடலில் அது வெறும் படம்தான்.

ஆன்டெனாவை உயரமாகக் கட்டினால் தூரத்துக் கப்பலும் தெரியும். திரை காலியாக இருந்தால், கருவியைத் திட்டுவதற்கு முன் ஆன்டெனா கேபிளின் முனையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் செம்புக் கம்பி பச்சை பிடித்திருக்கும். அங்கே சரியென்றால், அடுத்த சந்தேகம் எல்.இ.டி. விளக்கு. சில விளக்குகள் இந்த அலையைக் கெடுக்கும். அணைத்ததும் கப்பல்கள் திரையில் வந்துவிடும். பிளாட்டரோடு வயரில் இணைத்தால் இரண்டிலும் வேகம் 38,400 பாட் என்று இருக்க வேண்டும்.

ஆனால், ரிசீவருக்குக் காது மட்டும்தான்; வாய் கிடையாது. கப்பலின் திரையில் படகு தெரிய டிரான்ஸ்பாண்டர் வேண்டும். அது இருந்தாலும், ராத்திரி ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும்.