தாங்கும் தோளும் தளரும்

அய்யம்பேட்டை, இராஜகிரி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் என நம் காவிரிப் படுகை ஊர்களில் பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பொருளீட்டச் சென்றிருக்க, படுக்கையில் கிடக்கும் முதிய கணவரை முதிய மனைவியே தூக்கி உட்கார வைக்கும் இல்லங்கள் உண்டு. தொலைபேசியில் அழைக்கும் மகன், "அத்தாவுக்கு எப்படி இருக்கிறது?" என்று மட்டுமே கேட்கிறான். அம்மாதான் நடமாடுகிறார்களே என்பது அவன் எண்ணம்.

2001ஆம் ஆண்டு மருத்துவர் லிண்டா ஃபிரைடு குழுவினர் முதுமைத் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர். தானாக எடை குறைதல், தீராத களைப்பு, கைப்பிடி வலுவிழத்தல், நடை மெதுவாதல், உடலியக்கம் குறைதல் என்பன அவை. இவற்றுள் மூன்று இருப்பின் அது தளர்ச்சியாகும். அந்நிலையில் தூக்குபவர் ஒருமுறை விழுந்தால் இருவருமே ஆதரவற்றுப் போவர்.

தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மருந்துகள் வீட்டிற்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் கிடைக்கிறது. வரும் பணியாளரிடம் பணிவிடை செய்பவரின் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கி விட ஓர் ஆளை அமர்த்துங்கள்.

திருக்குர்ஆனின் 17:23ஆம் வசனம், பெற்றோர் இருவருமே முதுமை எய்தும் நிலையையும் எடுத்துரைக்கிறது. "அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா? உறங்கினீர்களா?" என்றும் இன்றே கேளுங்கள்.