அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தது யார்?



கடைத்தெருவில் ஒரு பிள்ளை டொபி கேட்டு அழுகிறது. "இல்லை" என்கிறார் உம்மா. பிள்ளை இன்னும் உரத்து அழுகிறது. மீண்டும் "இல்லை". மூன்றாம் முறை பிள்ளை நிலத்தில் விழுந்து புரள, நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். வெட்கம் தாளாமல் உம்மா டொபியை வாங்கிக் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்கு வந்ததும், "இவனுக்குப் பிடிவாதம் பிறவிக் குணம்" என்கிறார்.

பிறவிக் குணமல்ல. கடைத்தெருவில் அன்று ஒரு பாடம் நடந்தது. விழுந்து புரண்டால் கிடைக்கும் என்று பிள்ளை படித்தது. கொடுத்தால் அழுகை நிற்கும் என்று உம்மாவும் படித்தார். இருவருமே மாணவர்கள்தாம்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் (1904–1990) இதைத்தான் ஆராய்ந்தார். பெட்டிக்குள் இருந்த எலி நெம்புகோலை அழுத்தியபோது உணவு விழுந்தது. எலி அடிக்கடி அழுத்தத் தொடங்கியது. ஒரு செயலின் பின் வரும் விளைவே அச்செயலை வளர்க்கிறது அல்லது தேய்க்கிறது என்றார். இதற்குச் செயல்சார் நிபந்தனைப்படுத்தல் என்று பெயர். செயலை வளர்க்கும் விளைவை மீளவலியுறுத்தல் என்பர்.

எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் செயல் இலேசில் மறையாது என்பதும் அவர் கண்டது. நமது வாவியில் வீச்சு வலை வீசுபவரைப் பாருங்கள். நாலு வீச்சு வெறும் வலையாக வந்தாலும் ஐந்தாவதை வீசுகிறார். ஒருநாள் மறுத்து, ஒருநாள் இணங்கும் வீட்டில் பிள்ளையின் அடமும் அப்படித்தான் வேரூன்றுகிறது.

வகுப்பறைக்கு வருவோம். குழப்படி செய்யும் மாணவனின் பெயரை ஆசிரியர் ஒரு பாடவேளையில் பத்துத் தடவை கூப்பிட்டு ஏசுகிறார். வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. அமைதியாக எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒரு சொல்லும் கிடைப்பதில்லை. கவனத்துக்கு ஏங்கும் பிள்ளைக்கு ஏச்சும் பரிசுதான். 1968இல் அமெரிக்க வகுப்பறைகளில் நடந்த ஓர் ஆய்வில், விதிகளைச் சொல்லிக்கொடுத்தது மட்டும் பெரிய மாற்றத்தைத் தரவில்லை. சிறு குழப்படியைக் கண்டுகொள்ளாமல் விட்டு, நல்ல நடத்தையை உடனுக்குடன் பாராட்டியபோதே மாற்றம் வந்தது.

அப்படியானால் பிரம்பு ஏன் கையை விட்டுப் போகவில்லை? பிரம்பைக் கண்டதும் வகுப்பு அடங்குகிறது. அந்த ஒரு நிமிட அமைதிதான் ஆசிரியருக்குக் கிடைக்கும் டொபி! பிள்ளை படிப்பதோ வேறு: பிடிபடாமல் செய்வது, பொய் சொல்வது, பாடத்தையே வெறுப்பது. கடுமை மாணவனைப் பொய்க்கும் வஞ்சகத்துக்கும் பழக்கும் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே அறிஞர் இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் எச்சரித்துவிட்டார்.

நமது நாட்டில் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுத்தது. ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அவனது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. "தோல் உங்களுக்கு, எலும்பு எங்களுக்கு" என்று பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

சகோதரிகளே, வீட்டில் செய்யக்கூடியவை சில:

பாராட்டு உடனே வரட்டும். செயலைச் சொல்லி வரட்டும். "நல்ல பிள்ளை" என்பதை விட, "விளையாடி முடிந்ததும் சாமான்களை நீயே எடுத்து வைத்தாய்" என்பது மேல். முழு வேலையும் முடியும் வரை காத்திராமல் சிறு முயற்சியையும் கவனியுங்கள். பழக்கம் ஊன்றிய பின் பாராட்டை மெல்ல மெல்லக் குறைக்கலாம்.

அடத்துக்கு இணங்குவதை நிறுத்தினால் அழுகை முதலில் கூடும். அந்த நேரத்தில் தளர்ந்தால் இன்னும் உரக்க அழவே கற்றுக்கொடுத்தவராவோம். வாப்பா மறுத்ததை உம்மம்மா மறைவாகக் கொடுத்தாலும் இதே கதைதான். ஆகவே வீட்டார் அனைவரும் முதலில் பேசி ஒருமுகப்படுங்கள்.

எல்லாவற்றுக்கும் பரிசு பேசாதீர்கள். விருப்பத்தோடு படம் வரைந்த சிறு பிள்ளைகளுக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். பின்னர் அவர்களது ஆர்வம் குறைந்துவிட்டதை 1973இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தானாக வாசிக்கும் பிள்ளைக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டியதில்லை.

எல்லாக் குழப்படியும் அடமுமல்ல. பசியோடு வந்த பிள்ளையும், கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையும், காது மந்தமான பிள்ளையும் பாராட்டால் மட்டும் திருந்திவிடாது. முதலில் அதைக் கவனியுங்கள்.

இன்று மஃரிபுக்கு முன் உங்கள் பிள்ளை ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்யும். அதைக் கண்டு, அதன் பெயரைச் சொல்லி, ஒரு வார்த்தை பேசுங்கள். செலவில்லாத காரியம், ஆனால் பிள்ளை அதை மறக்காது.