உதிரிப்பாகம் வாங்குமுன் உம்மாமார் கவனத்திற்கு



ஒரு காலத்தில் பிள்ளைகள் பெருநாள் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு சைக்கிள் கேட்டார்கள். பிறகு கணனி கேட்டார்கள். இன்று சில வீடுகளில் வேறொரு கோரிக்கை எழுகின்றது. "உம்மா, நான் வீட்டிலேயே ஒரு முப்பரிமாண பிரிண்டர் செய்யப் போறேன். சாமான் வாங்கக் காசு தாங்க" என்று பிள்ளை வந்து நிற்கின்றது. வெளிநாட்டில் உழைக்கும் வாப்பா அனுப்புகின்ற காசு அது. கொடுப்பதா, மறுப்பதா? இது விளையாட்டா, படிப்பா, வீண் செலவா? உம்மாவுக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

விளங்காத காரணத்தால் மறுப்பதும் சரியல்ல. விளங்காமல் அள்ளிக் கொடுப்பதும் சரியல்ல. எனவே இம்மாதம் இந்த இயந்திரம் பற்றியும், அதன் பாகங்களைத் தேடி வாங்கும் முறை பற்றியும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கேக் அலங்காரம் செய்யும் சகோதரிகளுக்கு இந்த இயந்திரத்தை விளங்க வைப்பது மிக இலகு. ஐசிங் பையின் நுனியில் ஒரு குழல் மாட்டி, பிழிந்து பிழிந்து வரி வரியாகப் பூ வைக்கின்றீர்கள் அல்லவா? இந்த இயந்திரமும் அதைத்தான் செய்கின்றது. ஐசிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் இழை. பெரும்பாலும் 1.75 மில்லிமீற்றர் தடிப்பான அந்த இழை சூட்டில் உருகி, 0.4 மில்லிமீற்றர் துவாரத்தால் வெளியே வருகின்றது. கையின் வேலையை மோட்டர்கள் செய்கின்றன. எங்கே பிழிய வேண்டும் என்பதைக் கணனி சொல்கின்றது. ஒரு படையின் மேல் இன்னொரு படையாக அடுக்கி அடுக்கிப் பொருள் உருவாகின்றது. ஒரு படை 0.2 மில்லிமீற்றர் என்றால், 3 சென்ரிமீற்றர் உயரமான ஒரு சிறு மூடிக்கு 150 படைகள் வேண்டும். பொறுமை தேவையான வேலைதான்.

இம்முறையை அமெரிக்கரான ஸ்கொட் கிரம்ப் என்பவர் 1980களின் கடைசியில் கண்டுபிடித்தார். அவரது ஸ்ட்ராட்டஸிஸ் நிறுவனத்துக்கு 1992இல் காப்புரிமை கிடைத்தது. அக்காலத்தில் இவை பெரிய தொழிற்சாலைகள் மட்டுமே வாங்கக்கூடிய இயந்திரங்களாக இருந்தன. அந்தக் காப்புரிமை 2009இல் முடிவடைந்தது.

அதற்கு முன்பே பிரித்தானியாவின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் என்ற பொறியியலாளர் வேறொரு விதமாகச் சிந்தித்தார். தனக்குத் தேவையான பாகங்களில் ஒரு பகுதியைத் தானே செய்து கொள்ளும் இயந்திரமொன்றை ஆக்கினால் என்ன? மீதிப் பாகங்கள் சாதாரண கடைகளில் கிடைக்கும் இரும்புக் கம்பி, நட், போல்ட், மோட்டர் என்று இருந்தால், ஓர் இயந்திரம் வைத்திருப்பவர் மற்றவருக்கு உதவலாம். அவர் இன்னொருவருக்கு உதவலாம். இத்திட்டத்துக்கு 'ரெப்ரெப்' என்று பெயர். 2008ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி, ஓர் இயந்திரம் செய்த பாகங்களால் பூட்டப்பட்ட 'பிள்ளை' இயந்திரம், பூட்டி முடித்துச் சில நிமிடங்களிலேயே ஒரு 'பேரப்பிள்ளை'க்கான பாகத்தைச் செய்து காட்டியது. வரைபடங்கள் யாவும் இலவசமாக வெளியிடப்பட்டன. செக் நாட்டு இளைஞர் ஜோசப் புரூசா அவ்வரைபடத்தை எளிமையாக்கினார். அவரது 2012ஆம் ஆண்டு அமைப்பான 'ஐ 3'தான் இன்றும் பலர் பார்த்துச் செய்யும் மாதிரி.

நமது வீடுகளில் தயிருக்கு உறை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்குவோம். நாளை அவர்களுக்கு நாம் கொடுப்போம். இந்த ஏற்பாடும் அதுபோன்றதுதான்.

இனி ஆபிரிக்காவுக்கு வருவோம். டோகோ நாட்டின் தலைநகரான லோமேயில், வோலெப் என்ற சமூகப் பட்டறையில் வேலை செய்த கொஜோ அஃபாட்டே ஞிகூ என்ற இளைஞர், 2013இல் கழிவுப் பொருட்களிலிருந்து ஒரு முப்பரிமாண பிரிண்டரைச் செய்தார். குப்பைக்குப் போன பழைய கணனிகள், பிரிண்டர்கள், ஸ்கேனர்கள்தான் அவரது கடைத்தெரு. செல்வந்த நாடுகள் கழித்துவிடும் மின்னணுச் சாமான்கள் மேற்கு ஆபிரிக்காவில் குவிவதை உலகமே குறை சொல்லிக் கொண்டிருந்தபோது, அந்தக் குவியலுக்குள் அவர் நேரான கம்பியையும் நல்ல மோட்டரையும் தேடினார். செலவு ஏறத்தாழ 100 டொலர் என்று அப்போது செய்திகள் வந்தன. எல்லாமே குப்பையிலிருந்து வந்துவிடவில்லை. சில பாகங்களைப் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. எதைக் கழிவில் தேடலாம், எதைப் புதிதாக வாங்க வேண்டும் என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையின் பாதி வெற்றி.

கழிவில் தேடக்கூடியவை எவை?

முதலாவது, கம்பிகள். பழைய பிரிண்டரின் மூடியைத் திறந்தால் மை வண்டி ஓடும் பளபளப்பான உருக்குக் கம்பியைக் காணலாம். நேராக இருக்கின்றதா என்று பார்க்க, மேசைக் கண்ணாடியின் மேல் உருட்டுங்கள். வளைந்திருந்தால் அது துள்ளும். அடியில் வெளிச்சம் தெரியும். அத்தகைய கம்பி வேண்டாம். பொதுவாகத் தேவைப்படுவது 8 மில்லிமீற்றர் கம்பி. அதற்குரிய போல் பெயாரிங்கின் உள் விட்டம் 8, வெளி விட்டம் 15, நீளம் 24 மில்லிமீற்றர். கம்பியின் தடிப்பை அளக்காமல் பெயாரிங் வாங்கினால் காசு போய்விடும்.

இரண்டாவது, மோட்டர். இங்கேதான் அநேகர் ஏமாறுகின்றார்கள். நமக்கு வேண்டியது 'ஸ்டெப்பர்' மோட்டர். சாதாரண மோட்டரில் இரண்டு வயர்கள் இருக்கும்; ஸ்டெப்பரில் நான்கு அல்லது அதற்கு மேல். அச்சைக் கையால் திருப்பினால் சிறு சிறு படிகளாகத் தடைபட்டுச் சுற்றும். மை பிரிண்டர்கள் பலவற்றில் இருப்பது சாதாரண மோட்டர்தான். 'ஐ 3' மாதிரிக்கு ஐந்து ஸ்டெப்பர்கள் வேண்டும்: இடம் வலமாக ஒன்று, முன் பின்னாக ஒன்று, மேலே கீழே இரண்டு, இழையைத் தள்ள ஒன்று. மேல் கீழ் அசைக்கும் இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து போகும். புதிதாக வாங்குவதென்றால் 'நீமா 17' என்று கேளுங்கள். முகம் சுமார் 42 மில்லிமீற்றர் சதுரமாக இருக்கும்.

இனி, புதிதாக வாங்க வேண்டியவை.

பட்டியும் பல்சில்லும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். நமது தையல் மெஷினில் பட்டி தளர்ந்தால் தையல் தவறுவது போலவே இங்கேயும் நடக்கும். சில்லின் பல் எண்ணிக்கை மிக முக்கியம். மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 படி வைக்கின்றது. மின்பலகை ஒவ்வொரு படியையும் 16ஆகப் பிரித்தால் 3200. பட்டியின் பல் இடைவெளி 2 மில்லிமீற்றர், சில்லில் 20 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீற்றர் நகரும். ஆகவே ஒரு மில்லிமீற்றருக்கு 80 படி. 20 பல்லுக்குக் கணக்கிட்டு விட்டு 16 பல் சில்லைப் பூட்டினால், 10 சென்ரிமீற்றர் வரவேண்டிய பொருள் 8 சென்ரிமீற்றராகத்தான் வரும். பிள்ளைக்குக் கணக்குப் பாடம் எதற்கென்று இப்போது விளங்கும்.

பிளாஸ்டிக்கை உருக்கும் 'ஹொட் என்ட்' பகுதியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அதன் சூடாக்கி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று கேட்டு வாங்குங்கள். 12 வோல்ட் சூடாக்கியை 24 வோல்ட்டில் இணைத்தால் சூடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். 40 வாட்ஸ் 160 வாட்ஸாகிவிடும். தீ விபத்துக்கு அதுவே போதும்.

மின் வழங்கிப் பெட்டியும் அப்படித்தான். சில பெட்டிகளின் பக்கவாட்டில் 115, 230 என்று மாற்றும் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். பெட்டி 115இல் வந்திருந்தால் பிளக்கைப் போட்ட நொடியில் கருகிவிடும். புவித் தொடுப்பு வயர் இல்லாமல் எக்காரணம் கொண்டும் இயக்கக் கூடாது. வயர் முனைகளில் ஈயம் உருக்கி ஸ்குரூவின் கீழ் வைத்து இறுக்கும் பழக்கமும் ஆபத்து. நாளடைவில் அது தளர்ந்து சூடேறும். வயர் முனைக்குச் சிறு உலோகக் குழல் மாட்டி இறுக்குவதே முறை.

மூளையாக இருக்கும் மின்பலகைக்கு, பலகாலமாக ஆர்டுயினோ மெகாவும் அதன் மேல் பூட்டும் ரெம்ப்ஸ் 1.4 பலகையும் பயன்பட்டு வருகின்றன. அதை இயக்கும் 'மார்லின்' மென்பொருள் இலவசம். சூடு கட்டுக்கடங்காமல் ஏறினால் தானே நிறுத்தும் பாதுகாப்பு அதில் உண்டு. அது இயங்கும் நிலையில் இருக்கின்றதா என்பதைப் பிள்ளையிடம் கட்டாயம் கேளுங்கள்.

கடைசியாக, இயந்திரம் செய்து தர வேண்டிய பிளாஸ்டிக் பாகங்கள். முதல் இயந்திரம் இல்லாமல் இவற்றை எப்படிச் செய்வது? ஏற்கனவே வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். 'பீ.எல்.ஏ' என்ற பிளாஸ்டிக் 60 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும். எனவே சூட்டுக்கு அருகில் வரும் பாகங்களை 'ஏ.பீ.எஸ்' அல்லது 'பெட் ஜீ'யில் செய்து தரச் சொல்லுங்கள்.

கழிவுச் சாமான்களைத் திறப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பிளக்கைக் கழற்றிய பின்னும் பழைய மின்பெட்டிகளுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய பெரிய தொலைக்காட்சிப் பெட்டியையும் மைக்ரோவேவ் அடுப்பையும் பிள்ளைகள் திறக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து. பூட்டி முடித்த இயந்திரத்தைப் படுக்கையறையில் வைக்க வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், திரைச்சீலைக்கும் கடதாசிக்கும் தூரமாக வையுங்கள். இயங்கும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டாம். அதில் செய்த கோப்பையில் உணவு பரிமாறவும் வேண்டாம். படைகளின் இடுக்கில் அழுக்குத் தங்கும், கழுவினாலும் போகாது.

செலவைப் பற்றி ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். இன்று தொழிற்சாலையில் பூட்டிய இயந்திரம், பாகங்களைத் தனித்தனியாக வாங்கிச் செய்வதை விட மலிவாகக் கிடைப்பதுண்டு. எனவே, பொருள் செய்து விற்பதுதான் நோக்கமென்றால் பூட்டியதையே வாங்குவது புத்தி. கற்றுக்கொள்வதுதான் நோக்கமென்றால், அல்லது கையில் நல்ல கழிவுப் பாகங்கள் இருந்தால், செய்து பார்ப்பதில் பயனுண்டு. பூட்டத் தெரிந்தவருக்குத் திருத்தவும் தெரியும்.

இயந்திர வேலை என்றதும் "அது ஆண் பிள்ளைகளின் காரியம்" என்று ஒதுங்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கின்றது. தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு, பட்டி இறுக்கி, நூலின் இழுவையைச் சரிசெய்து, ஊசி மாற்றி, ஒரு குடும்பத்தையே அதனால் காப்பாற்றும் பெண்கள் நமது ஊர்களில் எத்தனை பேர்! பட்டி, இழுவை, உருளை, நுனி, எண்ணெய் என்று அதே பாடம்தான் இங்கும். மகன் கேட்டால் மகளையும் அருகில் இருத்துங்கள். அவள் கேட்டால் "உனக்கெதற்கு?" என்று சொல்லிவிடாதீர்கள்.

காசு கொடுக்குமுன் ஒரு கொப்பியை எடுக்கச் சொல்லுங்கள். எந்த மாதிரியைச் செய்யப் போகின்றோம் என்பதை முதல் பக்கத்தில் எழுதட்டும். அரைவாசி ஒரு மாதிரிக்கும் அரைவாசி இன்னொரு மாதிரிக்கும் வாங்கிய சாமான்கள் ஒருநாளும் ஒன்றுசேரா. அதன்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர், அளவு, எண்ணிக்கை, கழிவிலா புதிதா, எங்கே வாங்குவது, விலை என்ற வரிசை வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் தபால் செலவும் சுங்கத் தீர்வையும் சேர வேண்டும். இலகுவில் பழுதாகும் துவாரக் குழல், சூடு அளக்கும் சிறு மணி, மோட்டர் ஓட்டும் சிறு பலகை ஆகியவற்றில் ஒவ்வொன்று மேலதிகமாக எழுதட்டும். பட்டியல் முழுமையாகும் வரை ஒரு ஸ்குரூவும் வாங்க வேண்டாம்.

அந்தக் கொப்பியை நீங்களே வாசித்துப் பாருங்கள். விளங்காத இடத்தில் கேளுங்கள். உம்மாவுக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்த வேலை பாதி தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட பிள்ளையிடம் காசைத் தாராளமாகக் கொடுக்கலாம்.