நடாத வயலின் கூலி

பெறுநர்:
வருவாய் நிர்வாகம் மற்றும் பேரிடர் மேலாண்மை ஆணையர் அவர்கள்,
எழிலகம், சேப்பாக்கம், சென்னை.

பொருள்: காவிரிப் படுகையில் நிலமில்லாத விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூலி இழப்பை நிவாரணக் கணக்கில் சேர்க்கக் கோருவது.

மதிப்புக்குரிய ஆணையர் அவர்களுக்கு,

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் பயிர் பாழானால் அடுத்து என்ன நடக்கும் என்பது உங்கள் அலுவலகத்துக்கு மனப்பாடம். வி.ஏ.ஓ.வும் வேளாண்மை அலுவலரும் வரப்பில் நடப்பார்கள். சேதம் 33 விழுக்காட்டைத் தொட்டதா என்று பார்ப்பார்கள். பிறகு அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல். 2017 வறட்சியில் நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில், அறுப்புக்கு நின்ற சம்பா பருவம் தவறிய மழையில் சாய்ந்தபோது எக்டேருக்கு 20,000 ரூபாய். அந்தத் தொகை போதுமா என்று விவசாயச் சங்கங்கள் கேட்கும், கேட்கட்டும். நாங்கள் கேட்பது வேறு. அதே வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்துக் கூலி வாங்கும் பெண்ணின் இழப்பை அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அப்படி ஒரு கட்டமே இல்லை. படிவம் சர்வே எண்ணில் தொடங்குகிறது. அவருக்குச் சர்வே எண் கிடையாது.

பயிர் இழப்புக்கு ஏற்றபடி கூலி இழப்பும் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிட முடியாது. ஐப்பசி மழையில் இளம் நடவு மூழ்கி அழுகினால் நில உடைமையாளருக்கு நட்டம்; ஆனால் தண்ணீர் வடிந்ததும் மறுநடவு வரும், ஆட்களுக்கு இன்னொரு சுற்று வேலை கிடைக்கும். அறுப்பு பெரும்பாலும் மிஷினுக்குப் போய்விட்டதால், தையில் கதிர் சாய்ந்தாலும் கூலிக்காரருக்கு இழக்க அதிகம் மிச்சமில்லை. அவரை அடியோடு சாய்ப்பது மூன்றாவது வகை: வயலை நடாமலே விடுவது. நடாத வயலில் பயிர் இல்லை. பயிர் இல்லாததால் சேதம் இல்லை. சேதம் இல்லாததால் எந்தக் கணக்கெடுப்பும் இல்லை.

2024 நினைவிருக்கும். வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. ஜூலை 28இல்தான் திறந்தார்கள். ஆழ்துளைக் கிணறு உள்ளவர் குறுவை நட்டார். ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பிய வயல்கள் காத்துக் கிடந்தன. அரசு 78.67 கோடி ரூபாய்க்குக் குறுவைத் தொகுப்பு அறிவித்தது. அதில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் இருந்தது. ஆக, தண்ணீர் இல்லாத வயலில் நடவே இல்லை. தண்ணீர் உள்ள வயலில் கை நடவுக்குப் பதில் மானியத்தோடு மிஷின். இரண்டுக்கும் நடுவில் நின்ற நடவாட்களை யார் கணக்கெடுத்தார்கள்?

இயந்திரத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயி புலம்புவதும் பொய்யல்ல. மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வந்து தஞ்சை வயலில் நடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இளைஞர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல், முழங்கால் தேய்ந்து ஊரிலேயே தங்கிவிட்ட பெண்களுக்குத் திருப்பூர் கிடையாது.

வேறு உதவிகளே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன, நன்றியோடுதான் சொல்கிறோம். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதனால்தான் நடவு இல்லாத ஆண்டிலும் படுகையில் உலை கொதிக்கிறது. 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறது. ஆனால் குழுக் கடனின் வாரத் தவணையை அரிசியாகக் கட்ட முடியாது. ஆயிரம் ரூபாய், வேலை நிறைந்த மாதத்திலும் ஆயிரம்தான், வேலையே இல்லாத மாதத்திலும் ஆயிரம்தான். 2011இல் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விவசாயத் தொழிலாளிக்கு உழவர் அட்டை உண்டு. பிள்ளைகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதில் பணம் உண்டு. வேலை இல்லாத ஆடிக்கு இல்லை.

நிலமில்லாதவரைத் தனியாகக் கருதுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் 1971இல் குடியிருப்பு மனையைக் குடியிருந்தவருக்கே உரிமையாக்கிய சட்டமும் வந்தன. கூலி எவ்வளவு என்பதை அன்று பேசினார்கள். வேலையே வராத பருவத்தில் என்ன செய்வது என்பதை அன்று யாரும் எழுதவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. மேட்டூர் அப்போது இவ்வளவு கைவிட்டதில்லை.

இன்று வழிகள் இருக்கின்றன. பிரதமரின் பயிர்க் காப்பீட்டிலேயே, 75 விழுக்காட்டுக்கு மேல் விதைப்பு நடக்காமற்போனால் காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு தர விதி உண்டு. நடாத வயலையும் இழப்பாக ஏற்க அரசுக்குத் தெரியும் என்றுதானே அதற்கு அர்த்தம்? மாநிலப் பேரிடர் நிதிக்கான மத்திய விதிமுறைகளில், வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கென்றே ஓர் இனம் இருக்கிறது. 2015 விதிமுறையில் பெரியவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 என்றிருந்தது, பின்னர் ஊரக வேலைத் திட்டக் கூலியோடு இணைக்கப்பட்டது. 2017 வறட்சியில் நூறு நாள் வேலையை 150 நாளாக உயர்த்தினார்கள். அது நல்ல முடிவு. ஆனால் வறட்சி என்று அறிவித்ததால்தான் அந்தக் கதவு திறந்தது. ஆறரை வாரம் தாமதமாக வந்த தண்ணீரை யாரும் வறட்சி என்று அறிவிப்பதில்லை.

பணம் கொடுக்கும் வழியும் பழகியதே. 2022 நவம்பரில் சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தீர்கள். 2023 மிக்ஜாம் புயலுக்குச் சென்னையில் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகவே போனது. கென்யாவின் வறண்ட வட மாவட்டங்களில், செயற்கைக்கோள் காட்டும் புல்வெளியின் நிலையை வைத்து, வறட்சி முற்றும்போது கூடுதல் குடும்பங்களுக்குப் பணம் அனுப்புகிறார்கள். வங்கதேசத்தின் ரங்க்பூர் பக்கம், அமன் நெல் அறுப்புக்கு முந்திய வேலையற்ற மாதங்களுக்கு ‘மொங்கா’ என்று பெயரே உண்டு. 2008இல் அங்கே நூறு நாள் வேலைத் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். நம்மிடம் செயற்கைக்கோள்கூட வேண்டாம். மேட்டூரின் நீர்மட்டத்தை நாளிதழே தினமும் போடுகிறது.

பட்டியல் எடுக்கத் தொடங்கினால், யார் உண்மையான தொழிலாளி என்ற குழப்பம் வரும். கட்சிக்காரர் பட்டியல் நுழையும், உழவர் அட்டையில் நிலமுள்ளவர்கள் ஒளிந்திருப்பார்கள். இதையெல்லாம் மறுக்கவில்லை. கிராம சபையில் பட்டியலை உரக்க வாசித்தால் பாதி வடிகட்டப்பட்டுவிடும். யார் வயலில் இறங்குகிறவர் என்பது ஊருக்குத் தெரியும்.

ஒரு குறுவட்டத்தில் சென்ற ஆண்டுகளின் குறுவைப் பரப்பில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் நடவு நின்றுபோனால், அங்குள்ள நிலமில்லாத உழவர் அட்டைக் குடும்பங்களுக்கு முப்பது நாள் கூலியை ரேஷன் கடை வழியே தர ஓர் அரசாணை வேண்டும். எல்லா மாவட்டத்துக்கும் ஒரேயடியாக வேண்டாம். பேராவூரணி, பட்டுக்கோட்டைக் கடைமடையில் ஒரு குறுவட்டத்தில் தொடங்குங்கள். மே மாதம் முடிவதற்குள் மேட்டூரில் திறப்புக்குத் தேவையான 90 அடி இருக்குமா இருக்காதா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். இருக்காது என்றால், அந்த வாரமே வி.ஏ.ஓ.க்களுக்குச் சுற்றறிக்கை போகட்டும். பட்டியலோடு அவர்கள் ஜூன் 12க்கு முன் தெருவுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு