‘ராஷ்’ என்றால் வேகமா?

சாலை விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையில் அடிக்கடி கண்ணில் படும் தொடர் ஒன்று உண்டு: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’. இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-ஆவது பிரிவில் இருந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குக் காவல் நிலையத் தமிழ் கண்ட ஈடு இது. 2024 ஜூலை 1 முதல் அந்தக் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவில் இருக்கிறது. பிரிவின் எண் மாறியது. அந்தச் சொற்கள் மாறவில்லை. ‘நெக்ளிஜென்ட்’ என்பதற்கு அஜாக்கிரதை பொருந்துகிறது. ‘ராஷ்’ என்பதற்கு அதிவேகம் பொருந்துமா?

இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை 1872-இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஹாலோவே விளக்கினார். அந்த விளக்கத்தை நீதிமன்றங்கள் பின்னரும் எடுத்தாண்டு வந்திருக்கின்றன. அதன் சாரம் இது. தான் செய்வதால் தீங்கு நேரலாம் என்று ஒருவருக்குத் தெரிகிறது. ஆனாலும் நேராது என்று நம்பித் துணிகிறார். அது ‘ராஷ்’. தீங்கு நேரலாம் என்ற நினைப்பே ஒருவருக்கு வரவில்லை; வந்திருக்க வேண்டும். அது ‘நெக்ளிஜென்ட்’. முன்னவரிடம் துணிவு மிகுதி, பின்னவரிடம் கவனம் குறைவு.

மலைப்பாதை வளைவில் எதிரே வருவது தெரியவில்லை. ‘அதற்குள் தாண்டிவிடலாம்’ என்று முன்னால் போகும் பேருந்தை ஒருவர் முந்துகிறார். இது ‘ராஷ்’. சாலையோரம் காரை நிறுத்திய இன்னொருவர், பின்னால் யாராவது வருகிறார்களா என்று பாராமல் கதவைத் திறக்கிறார். இது அஜாக்கிரதை. இனி வேகத்துக்கு வருவோம். பிரேக் சரியாகப் பிடிக்காது என்று தெரிந்தே ஒருவர் கடைவீதியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் லாரியை ஓட்டுகிறார். வேகம் கொஞ்சம்தான், ஆனாலும் அது ‘ராஷ்’. ஆளில்லாத நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரை அப்படிச் சொல்ல முடியாது.

உச்ச நீதிமன்றமும் 1998-இல், கர்நாடக லாரி விபத்து வழக்கு ஒன்றில் இதையே சொன்னது. ‘அதிவேகம்’ என்பது இடத்துக்கு இடம் மாறும் சொல். எவ்வளவு வேகம், எந்தச் சூழலில் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். வெறும் அதிவேகம் குற்றத்தை நிரூபிக்காது என்பது அதன் கருத்து.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலச் சொல்லின் வேர் வேகத்தில்தான் இருக்கிறது. அதன் உறவுச் சொல்லான ஜெர்மன் ‘ராஷ்’ இன்றும் விரைவு என்றே பொருள்படும். ஆங்கிலத்தில் அந்த விரைவு, யோசிக்காத அவசரமாகத் திரிந்தது. (தோலில் தடிப்பாக வரும் ‘ராஷ்’ வேறு, அதன் பிறப்பும் வேறு.)

ஹாலோவே சொன்ன பொருளுக்குப் பேச்சுத் தமிழிலேயே ஒரு சொல் இருக்கிறது: அசட்டுத் தைரியம். ஆபத்து தெரியும், ஒன்றும் ஆகாது என்ற நினைப்பும் இருக்கும். காவல் நிலையப் பதிவேட்டில் இதை எழுதச் சொல்வது அதிகம்தான். ஆனால், ‘அதிவேகம்’ என்று எழுதிய கையோடு, ஓட்டியவருக்கு என்ன தெரிந்திருந்தது, எதை நம்பித் துணிந்தார் என்பதையும் இரண்டு வரி எழுதினால் வழக்குக்கு உதவும்.